தனி ஆளாக ஒரு கேம்: ஆசையை எங்கே வைப்பது?

வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, இரவு ஒன்பதரைக்கு லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். சொந்தமாக ஒரு கேம் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. யூடியூபில் நாலு பாடம் பார்த்தாயிற்று. கேம் செய்ய உதவும் இலவச மென்பொருளான கோடோ எஞ்சினையும் இறக்கியாயிற்று. இனி எந்த கேமைச் செய்வது என்பதுதான் கேள்வி. மனதில் இருப்பதோ பெரியது: ஒரு முழு ஊர், அதில் நாற்பது மனிதர்கள், ஆளுக்கொரு கதை, மழைக்காலம், அறுவடை, திருவிழா.

என் முதல் கேமும் அப்படித்தான் தொடங்கியது. ஆற்றங்கரையில் ஒரு ஊர். பதினொரு மாதம் கழித்து என் கையில் இருந்தவை ஒரு தொடக்கத் திரை, அழகாகப் பெய்யும் மழை, வாய் திறக்காத மூன்று பேர். ஆடுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. அந்த ஃபோல்டரை மூடி வைத்த இரவு மனசு கனத்துக் கிடந்தது இன்றும் நினைவிருக்கிறது. அந்த இடத்துக்கு நீங்களும் வந்து நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில் ‘சின்னதாக ஆரம்பி’ என்பது. அது பாதிதான் சரி. மனசு ஒட்டாத ஒரு சின்ன கேமை எடுத்தால் அதுவும் மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும். சம்பளம் இல்லாத இந்த வேலைக்கு ஆசை ஒன்றுதான் கூலி. அதையும் வெட்டிவிட்டால் ஒன்பதரைக்கு லேப்டாப்பைத் திறக்க என்ன காரணம் இருக்கிறது? ஆகவே ஆசையைக் குறைக்காதீர்கள், அதை ஒரே இடத்தில் வையுங்கள். கேமில் ஏதாவது ஒரு பகுதி இதுவரை நீங்கள் செய்யாததாக, செய்து பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றுவதாக இருக்கட்டும். மற்றதெல்லாம் ஏற்கெனவே கைவந்ததாகவோ, சுலபமாகக் கிடைப்பதாகவோ இருக்கட்டும். சிலது இல்லாமலே போகட்டும்.

முதலில் மணிக்கணக்கு

தனி ஆளாக கேம் செய்ய நினைக்கிற எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் ஸ்டார்டியூ வேலி. அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்தில் எரிக் பரோன் என்கிற இளைஞர் 2011-ல் கணினி அறிவியல் பட்டம் வாங்கினார். சரியான வேலை அமையவில்லை. கோடு (கணினி நிரல்) எழுதிப் பழகியதுபோலவும் ஆகும் என்று விவசாயம் பற்றி ஒரு கேம் தொடங்கினார். சில மாதங்களில் முடிந்துவிடும் என்பதுதான் அவருடைய கணக்கு. கேம் வெளிவந்தது 2016 பிப்ரவரியில். கோடு, படம், இசை, வசனம் எல்லாவற்றையும் அவர் ஒருவரே செய்தார், அதற்கு ஏறத்தாழ நாலரை வருஷம் ஆனது.

இதைப் படிப்பவர்கள் ‘ஒருத்தரால் முடிந்திருக்கிறதே’ என்று உற்சாகப்படுகிறார்கள். படுங்கள், ஆனால் கூடவே ஒரு கணக்கும் போடுங்கள். அவர் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் உழைத்தார் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம் (உண்மையில் அதைவிட அதிகம்). நாலரை வருஷத்துக்கு 9,360 மணி நேரம் வருகிறது. வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, உங்களால் வாரத்துக்கு 6 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் வருஷத்துக்கு 312 மணி நேரம். அதே கேமைச் செய்ய உங்களுக்கு 30 வருஷம் ஆகும். பரோன் ஒரு தியேட்டரில் பகுதிநேர வேலை பார்த்தார், துணைவியின் வருமானம் கைகொடுத்தது, மிச்ச நாள் முழுவதும் கேம்தான். அதை ஓய்வுநேர முயற்சி என்று சொல்ல முடியாது.

எனவே காகிதத்தில் முதலில் எழுத வேண்டியது உங்கள் மணி நேரம். போன மாதம் உண்மையிலேயே எத்தனை இரவு உட்கார்ந்தீர்கள் என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள், அடுத்த மாதம் உட்காரப்போவதாக நினைப்பதை எழுதாதீர்கள். அதிலும் கேம் என்று நாம் நினைப்பது ஒரு பகுதிதான். மெனு, ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்கும் பாஸ், சேவ், சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது, சின்ன போனிலும் பெரிய போனிலும் எழுத்து வெட்டுப்படாமல் தெரிவது என்று கண்ணுக்குத் தெரியாத வேலைகள் என் நேரத்தில் பாதியைத் தின்றன.

கூட்டல் இல்லை, பெருக்கல்

கேம் வேலையில் புதிதாக வருபவர்களை ஏமாற்றுவது இதுதான். ‘இன்னும் ஒரு ஆள் சேர்ப்போம்’ என்பது வாயால் சொல்ல ஒரு வரி. வேலையோ பெருகிப் பெருகிப் போகிறது.

மேலிருந்து பார்க்கும் ஒரு கேமில் ஒருவர் நடக்க வேண்டும். நான்கு திசை, திசைக்கு நான்கு படம், ஆக 16 படம். நாற்பது பேர் நடக்க 640 படம். ஒரு படத்துக்கு 20 நிமிஷம் என்றாலும் 213 மணி நேரம். உங்கள் ஒரு வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்தது. இன்னும் யாரும் பேசவில்லை, மண்வெட்டியைத் தொடவில்லை. வசனமும் இப்படித்தான். ஒரு உரையாடலில் மூன்று பதில் கொடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் இன்னும் மூன்று, அதிலிருந்து இன்னும் மூன்று என்று கிளை விட்டால் நுனியில் 27 முடிவுகள் நிற்கும். மழையைச் சேர்த்தால் பயிருக்கு மழை, திருவிழாவுக்கு மழை, குடை பிடித்து நடக்கிற ஆள் என்று ஏற்கெனவே இருக்கிற எல்லாவற்றோடும் அது போய் மோதும்.

ஆகையால் மனதில் ஒரு கேம் தோன்றியதும் அது எதை வைத்து நிற்கிறது என்று பாருங்கள். சில கேம்கள் படமும் லெவலும் வசனமும் குவிந்தால்தான் நிற்கும். சில கேம்கள் விதியை வைத்தே நிற்கும். பல்லாங்குழியைப் பாருங்கள். 14 குழி, ஒரு கை புளியங்கொட்டை, அவ்வளவுதான் பொருள். ஆட்டம் முழுக்க விதியில் இருக்கிறது. தனி ஆளுக்கு இரண்டாவது வகை எப்போதும் கருணை காட்டும்.

இதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் டெட்ரிஸ். மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் அதைச் செய்தார். அவருக்குப் பிடித்தது பென்டோமினோ புதிர்: ஐந்து சதுரங்களை ஒட்டி வைத்தால் கிடைக்கும் 12 வடிவங்களை ஒரு பெட்டிக்குள் அடுக்குவது. அவர் முன்னால் இருந்த எலெக்ட்ரானிகா 60 கணினியில் படம் வரையவே வழியில்லை, எழுத்துகள் மட்டும்தான் தெரியும். ஆகவே அடைப்புக்குறிகளையே சதுரங்களாக வைத்துக்கொண்டார். ஐந்து சதுரத்தை நான்காகக் குறைத்தார், 12 வடிவம் 7 ஆனது. வடிவங்கள் விழ விழச் சில நொடிகளிலேயே திரை நிறைந்துபோனது. அதனால் நிரம்பிய வரிசை மறைந்துவிட வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தார்.

அவர் எதை வெட்டினார், எதை வெட்டவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். வடிவங்களின் எண்ணிக்கையும் படமும் போயின. மேலிருந்து ஒன்று விழுந்துகொண்டிருக்கும்போதே அதைத் திருப்பி இடம் பார்த்துப் பொருத்தும் பரபரப்பு மட்டும் முழுசாக இருந்தது. அவருடைய ஆசை அங்கேதான் இருந்தது.

ஊரைக் கட்டாமல் ஊரைக் காட்டுவது

‘எனக்குப் புதிர் வேண்டாம், எனக்கு மனிதர்கள்தான் வேண்டும், கதைதான் வேண்டும்’ என்று சிலர் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். எனக்கு வழி காட்டியது லூகஸ் போப் தனியாகச் செய்த ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ என்கிற கேம். 2013 ஆகஸ்டில் வந்தது, செய்ய ஒன்பது மாதம்போல ஆனது. அதில் வருவது ஒரு முழு நாடு: சர்வாதிகாரம், பஞ்சம், பிரிந்த குடும்பங்கள், லஞ்சம், குண்டுவெடிப்பு. ஆனால் ஆடுபவர் அந்த நாட்டில் ஒரு தெருவில்கூட நடப்பதில்லை. எல்லையில் ஒரு சோதனைச் சாவடியின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். ஆட்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, தேதியும் முகமும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று சோதித்து, முத்திரை குத்துகிறார். நாடு மொத்தமும் அந்த ஒரு ஜன்னலுக்கு வந்து போகிறது.

அதை ஆடிய பிறகுதான் என் ஆற்றங்கரை ஊரில் நான் செய்த தவறு புரிந்தது. எனக்கு வேண்டியது அந்த ஊர் மனிதர்களின் பேச்சு. நானோ அவர்கள் நடக்கும் தெருவைப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்று அதே ஆசையோடு யாராவது என்னிடம் வந்தால் ஒரு டீக்கடையைச் செய்யச் சொல்வேன். கேமரா நகராது. பின்னணி ஒரே படம். ஆட்கள் பெஞ்சில் வந்து உட்காருவார்கள், யாரும் நடக்க வேண்டாம், ஆளுக்கு ஒரு முகம், கோபத்துக்கும் சிரிப்புக்கும் இன்னும் இரண்டு. நாற்பது பேர் வேண்டாம், ஆறு பேர் போதும். ஆக 18 படம். 640-லிருந்து 18. ஸ்ட்ராங்கா, லைட்டா, சர்க்கரை வேண்டுமா, கடன் சொன்னால் கொடுப்பதா, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வதா என்பதுதான் ஆட்டம். எழுத்தில் உங்களுக்கு ஆசை இருந்தால் அத்தனை மணி நேரத்தையும் வசனத்தில் போடலாம். இதில் ஆசை ஒரு துளிகூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சின்னதாகத் தெரிவதில் ஒளிந்திருப்பவை

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. வெளியே பார்க்கச் சின்னதாக இருக்கும், உள்ளே பாறை இருக்கும். தமிழில் ஒரு வார்த்தை கேம் செய்ய நினைப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

வேர்டில் எல்லோருக்கும் தெரியும். ஜாஷ் வார்டில் தன் துணைவிக்காகச் செய்து, 2021-ல் வெளியே விட்ட கேம். ஐந்து எழுத்துச் சொல் ஒன்றை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒன்று. வந்த புதிதில் அதற்கு ஆப் இல்லை, லாகின் இல்லை, விளம்பரம் இல்லை. ஒருவருக்காகச் செய்ததால் அவையெல்லாம் தேவைப்படவில்லை. ஓய்வுநேர கேமுக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. அதிலும் கடினமான உழைப்பு கோடில் இல்லை. ஆங்கிலத்தில் இருக்கும் சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களிலிருந்து, சாதாரணமாக எல்லோருக்கும் தெரிந்த சுமார் 2,500 சொற்களை அவருடைய துணைவி பொறுக்கி எடுத்தார். கேம் நன்றாக இருப்பதற்கு அந்தப் பட்டியல் பெரிய காரணம்.

அதைத் தமிழில் செய்யலாம் என்று உட்கார்ந்தால் என்ன நடக்கும்? ‘அம்மா’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினியிடம் நீளம் கேட்டால் பெரும்பாலான நிரல் மொழிகளில் ஐந்து என்று சொல்லும். அ, ம, புள்ளி, ம, கால் என்று அது தனித்தனியாக எண்ணுகிறது. ஆகவே எழுத்தைப் பிரிக்க முதலில் நீங்களே ஒரு வழி செய்ய வேண்டும். அடுத்து விசைப்பலகை. ஆங்கிலத்துக்கு 26 கட்டம் போதும், நமக்கு 247 எழுத்து. உயிரையும் மெய்யையும் தனித்தனியாகத் தட்ட வைப்பதா? ஆடுபவர் ‘கா’ போட்டு, விடையில் ‘கி’ இருந்தால் அது பாதி சரியா, முழுத் தவறா? மூன்றாவதாக எழுத்துரு. கோடோவின் பழைய 3-ஆம் பதிப்பில் ‘கொ’ போன்ற எழுத்துகள் துண்டு துண்டாகச் சிதறித் தெரியும். 2023-ல் வந்த 4-ஆம் பதிப்பில்தான் அது சரியானது. எந்த எஞ்சின் எடுத்தாலும் முதல் நாளே ‘ஸ்ரீ, கொ, பௌ, க்ஷ’ என்று நான்கு எழுத்தைத் திரையில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை. ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் அழுகை வரும்.

இதைச் சொன்னதால் தமிழ் வார்த்தை கேம் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உயிர்மெய்யை வைத்து ஆடும் அந்தச் சிக்கலே உங்கள் ஆசை என்றால் அதைவிட நல்ல கேம் இல்லை. வார்த்தை கேம் சுலபம் என்று நினைத்து எடுத்தால்தான் கஷ்டம்.

இன்னொரு பாறை ஆன்லைன். இருவர் இரண்டு ஊரில் இருந்து ஆடுவது என்றால் இரண்டு போனிலும் ஒரே நிலை தெரிய வேண்டும். ஒருவருக்கு சிக்னல் போனால் என்ன செய்வது, நடுவில் எழுந்து போனால் யார் ஜெயித்தது, கள்ள ஆட்டம் ஆடினால் எப்படிப் பிடிப்பது, சர்வருக்கு மாதா மாதம் யார் பணம் கட்டுவது? இத்தனையும் முடித்து வெளியே விட்டாலும், ஒருவர் ஆட வரும் அதே நேரத்தில் இன்னொருவரும் வந்திருக்க வேண்டும். முதல் கேமில் இதைத் தொடவே தொடாதீர்கள். இதில் மட்டும் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

ஒரு சனி ஞாயிறு சோதனை

ஆடுபவர் திரும்பத் திரும்பச் செய்யும் செயல் ஒன்று எல்லா கேமிலும் இருக்கும். கேம் செய்பவர்கள் அதை கோர் லூப் என்பார்கள். டெட்ரிஸில் திருப்பு, பொருத்து, அடுத்தது. நம் டீக்கடையில் கேள், போடு, கொடு, பேச்சுக் கொடு. எந்த யோசனையாக இருந்தாலும் இரண்டு நாளில் இந்தச் சுற்றை மட்டும் செய்து பாருங்கள். ஆள் ஒரு சதுரம், எதிரி ஒரு வட்டம், சத்தம் வேண்டாம். ஞாயிறு இரவு நீங்களே இன்னும் ஒரு தடவை ஆடலாம் என்று கை போகிறதா? போனால் மேலே செல்லுங்கள். போகவில்லை என்றால் அழகான படம் போட்டும் அது வரப்போவதில்லை.

கதையை நம்பி நிற்கும் கேமுக்கு மட்டும் இந்தச் சதுர வட்டச் சோதனை பொருந்தாது. அதற்கு ஒரே ஒரு காட்சியை, முழு வசனத்தோடு, ட்வைன் போன்ற இலவசக் கருவியில் எழுதி ஒரு நண்பரிடம் கொடுங்கள். அது பிரவுசரில் ஓடுவதால் தமிழ் எழுத்து உடையாது. படித்தவர் ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்று கேட்கிறாரா என்று பாருங்கள்.

இரண்டு நாளில் என்ன செய்துவிட முடியும் என்று தோன்றினால் கேம் ஜாம்களை, அதாவது சில நாளுக்குள் கேம் செய்யும் போட்டிகளைப் பாருங்கள். லுடம் டேர் என்கிற ஜாம் 2002-ல் தொடங்கியது. அதன் ஒரு பிரிவில் ஒரு தலைப்பு, தனி ஆள், 48 மணி நேரம். பின்லாந்தின் அர்வி டெய்கரி 2017-ல் நார்டிக் கேம் ஜாமில் செய்த சின்ன முன்மாதிரிதான் 2019-ல் பாபா இஸ் யூ ஆக வெளிவந்தது. சொற்களைத் தள்ளி வைத்தால் விதியே மாறும் என்கிற கரு அந்த முதல் முன்மாதிரியிலேயே இருந்தது.

எங்கே நிறுத்தினாலும் முழுசாக

இப்போது நான் செய்துகொண்டிருப்பது ஆடு புலி ஆட்டம். கோயில் மண்டபத் தரையில் செதுக்கிவைத்த கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. படத்துக்கு வேலையே இல்லை. ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும், 15-ம் இறங்கும் வரை ஆடு நகராது. பக்கத்துப் புள்ளியில் இருக்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டலாம், அதே கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருக்க வேண்டும். மூன்று புலியும் நகர முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்காரர் ஜெயித்தார். நிரலில் இது இரண்டு பட்டியல்தான்: எந்தப் புள்ளிக்கு எது பக்கத்துப் புள்ளி, எந்த மூன்று புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் வருகின்றன.

இந்தத் தடவை வேலையைப் படியாகப் பிரித்தேன். எந்தப் படியில் நின்றாலும் அது ஆடக்கூடிய ஒரு முழு கேமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் படியில் ஒரே போனை வைத்து எதிரெதிரே இருவர் ஆடுவது. நான்கு வார இறுதிகளில் முடிந்தது. அதோடு விட்டிருந்தாலும் பேருந்துப் பயணத்தில் ஆட ஒரு கேம் கையில் இருந்திருக்கும். அதைத் திறந்து என் அத்தையிடம் கொடுத்தபோது, “எங்க ஊர்ல ஆறு ஆட்டை வெட்டுனா புலி ஜெயிச்சுடும்டா, நீ என்ன பத்து போட்டிருக்க?” என்று கேட்டார். வெட்டும் கணக்கு ஊருக்கு ஊர் மாறுகிறது. அதனால் இரண்டாவது படியாக, ‘எங்க ஊர் விதி’ என்று ஒரு பக்கம் சேர்த்தேன். எத்தனை ஆட்டை வெட்டினால் புலி ஜெயிக்கும் என்பதை ஆடுபவரே வைத்துக்கொள்ளலாம்.

என் ஆசை மூன்றாவது படியில் இருக்கிறது: கணினியே புலியாக ஆட வேண்டும். இதுவரை நான் செய்யாத வேலை அது ஒன்றுதான். ‘நான் இங்கே போனால் அவர் எங்கே வைப்பார், அதற்கு நான் என்ன செய்வேன்’ என்று முன்னோக்கிப் பார்க்கும் மினிமேக்ஸ் முறையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று புலியும் உட்கார்ந்தபின் முதல் ஆட்டுக்கு 20 காலி இடம், அதற்குப் புலியின் பதில்கள், மறுபடி ஆட்டின் இடங்கள் என்று இங்கேயும் பெருக்கல்தான். ஆனால் பெருக்குவது கணினி, நான் இல்லை.

நடுவில் வந்த யோசனைகளுக்கு ஒரு தனி நோட்டு வைத்திருக்கிறேன். ஆன்லைன், கிராபிக்ஸில் உறுமும் புலி, பல்லாங்குழியையும் இதே ஆப்பில் சேர்ப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. நல்ல யோசனைகள்தான், அழிக்க மனசில்லை. மூன்றாவது படி முடியும் வரை அந்த நோட்டு அலமாரியில் இருக்கும். இப்போதைக்கு என் புலி இரண்டு நகர்வு முன்னால் பார்க்கிறது. நேற்று அத்தை அதை ஒன்பது நிமிஷத்தில் அடைத்துவிட்டார். இந்தச் சனிக்கிழமை அது நான்கு நகர்வு பார்க்க வேண்டும்.